உறுமிக்கொண்டு நின்ற மோட்டார்

கத்திச் சுவிட்சை என் கணவர் மேலே தள்ளினார். புளியம்பலகையில் முடுக்கி வைத்திருந்த மோட்டார் உறுமத் தொடங்கியது. அந்த உறுமல் பலகை வழியாக இறங்கித் தரையில் பரவி, வெறுங்காலோடு நின்ற என் உள்ளங்காலைக் கூசவைத்தது. பக்கத்துத் தட்டில் கிடந்த திருகாணிகள் ஒன்றோடொன்று தட்டி நடுங்கின.

எல்லாம் நடுங்கியது. மோட்டாரின் தண்டு மட்டும் சுற்றவில்லை.

மனதுக்குள் எண்ணினேன். எட்டு எண்ணுவதற்குள் அரக்கு சூடேறும் வாசம் வந்துவிட்டது.

“நிறுத்துங்க,” என்றேன்.

அவர் காதில் விழவில்லை. குனிந்து தண்டைக் கையால் திருப்பினார். ஒரு விரல்கடை நகர்ந்து, உள்ளேயிருந்து யாரோ பிடித்து இழுத்ததுபோல் டக்கென்று நின்றது. மறுபடி திருப்பினார். மறுபடி டக்.

“நிறுத்துங்க. நூலு கருகுது.”

சுவிட்சைக் கீழே இழுத்தார். பட்டறையில் திடீரென்று அமைதி. கார்த்திகை மாதத்து மழை ஓட்டின்மேல் விழும் சத்தம் அப்போதுதான் எங்களுக்குக் கேட்டது.

சுவரோரம் முக்காலியில் அங்கமுத்து உட்கார்ந்திருந்தார். அந்த மோட்டாரைச் செய்யச் சொன்னவர் அவர்தான். அம்மாபேட்டைக்கு அப்பால் ஜவ்வரிசி போடும் கொட்டகை வைத்திருந்தார். குடையை மடக்கிக் காலிடுக்கில் வைத்திருந்தார்.

“ஏனுங்க மாரப்பா, இது பாடறதுக்கு மட்டுந்தானுங்களா?”

என் கணவர் ஒரு கயிற்றை எடுத்தார். தண்டில் கயிற்றைச் சுற்றி, சுவிட்சை மறுபடி போட்டு, கயிற்றை வேகமாக இழுத்துவிட்டார். இந்த முறை மோட்டார் தடதடவென்று சுற்றிவிட்டது. அவர் முகத்தில் ஒரு நொடி வெளிச்சம் வந்தது.

“தெனமும் கவுறு கட்டி இழுக்கோணுங்களா? அதுக்கு என்ற கொட்டாயில இருக்கற பொம்பளைகளே சுத்திப்போடுவாங்களே,” என்றார் அங்கமுத்து. எழுந்து குடையை விரித்தார். “தை பொறந்தாக் கெழங்கு வந்துரும். அதுவரைக்கும் பாக்கறேனுங்க. ஆகலீன்னா ஆயில் இஞ்சினு ஒண்ணு ஈரோட்டுல சொல்லி வெச்சிருக்குது.”

அவர் தெருமுனை திரும்பும் வரை என் கணவர் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“நீ சுத்துனதுலதான் எங்கியோ திரும்பிப் போச்சு, செல்லா.”

இவளுக்கும் மோட்டாருக்கும் என்ன?

இத்தனை வாரங்களாகக் கல்யாணம், பிரசவம், பஞ்சகாலத்துச் சமையல் என்று எழுதிவந்த கிழவி திடீரென்று பட்டறைக்குள் நுழைகிறாளே என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நினைப்பதில் தவறில்லை. எங்கள் தெருவிலும் அன்று அப்படித்தான் நினைத்தார்கள். சுத்தியல் சத்தம் கேட்கும் இடத்தில் வளையல் சத்தம் எதற்கு என்று என் காதுபடவே ஒருவர் சொல்லியிருக்கிறார்.

நான் பிறந்தது வெண்ணந்தூரில். நெசவுக் குடும்பம். நடக்கத் தெரிவதற்கு முன்னால் நூல் சுற்றத் தெரிந்துகொள்வது எங்கள் வீட்டு வழக்கம். விரலிடுக்கில் ஓடும் நூலில் ஒரு முடிச்சு வந்தால், கண் பார்ப்பதற்கு முன்பே விரல் நின்றுவிடும். அது ஒன்றுதான் நான் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த சீதனம் என்று பிற்காலத்தில் வேடிக்கையாகச் சொல்வேன்.

கல்யாணமாகிச் சேலத்துக்கு வந்தபோது என் கணவர் ஒரு நூல் ஆலையில் மோட்டார் பகுதியில் வேலை பார்த்தார். எரிந்துபோன மோட்டார்களைப் பிரித்துத் துடைப்பது, மறுபடி சுற்றுவது, ஓடவிடுவது. வீட்டுக்கு வரும்போது சட்டையில் ஒரு வாசம் இருக்கும். அரக்கும் கருகிய பருத்தியும் கலந்த வாசம். புதுப்பெண்ணாக வந்தவளுக்கு முதலில் அது குமட்டியது. ஆறு மாதத்தில் அந்த வாசம் வந்தால்தான் மனிதர் வந்துவிட்டார் என்று தெரியும் என்ற நிலைக்கு வந்துவிட்டேன்.

எங்கள் ஊரிலிருந்து என் தாய்மாமன் ஒருமுறை பார்க்க வந்தார். வீட்டில் எரிந்த பல்பை வெகுநேரம் பார்த்துவிட்டு, “மாப்ள, அந்தக் கம்பி உள்ளுக்குள்ள ஓட்டைங்களா? எதுல ஓடி வருது?” என்று கேட்டார். என் கணவர் சிரிக்கவில்லை. ஒரு துண்டுக் கம்பியை எடுத்து வெட்டி, முனையைக் காட்டி, அரைமணி நேரம் விளக்கினார். மாமன் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, வாசலில் செருப்பு மாட்டும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னார்: “ஓட்டை இல்லைங்கறாரு. எனக்கு நம்பிக்கை வல்லை சாமி.”

அப்படி விளக்கிச் சொல்வதில் அவருக்கு அலுப்பே வராது. ஆலையில் இருந்த துரை ஒருவர், “நம்ம ஆளுகளுக்கு மோட்டார் துடைக்கத்தான் வரும், செய்ய வராது” என்ற பொருளில் ஏதோ சொல்லிவிட்டார். அதை என் கணவர் ஒரு வருஷம் மனதில் வைத்திருந்து, யுத்தம் தொடங்கிய பிறகு ஒருநாள் வேலையை விட்டுவிட்டு வந்தார். செவ்வாய்ப்பேட்டையில் பழைய எண்ணெய்க் கிடங்கு ஒன்றைப் பிடித்துப் பட்டறை போட்டார்.

சீமையிலிருந்து கப்பல் வருவது நின்றுபோன காலம். புது மோட்டார் எங்கும் கிடையாது. மலேயாவிலிருந்து வந்த ஜவ்வரிசியும் நின்றுபோய்விட்டது. அதனால்தான் அங்கமுத்து போன்றவர்கள் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியை அரைத்துத் தாங்களே ஜவ்வரிசி செய்யக் கிளம்பினார்கள். ஒரு யுத்தம் எங்கோ நடந்தது. அது எங்கள் இருவரையும் ஒரே மேஜைக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது.

பருத்தி உடுத்திய செம்பு

மோட்டார் என்பது பார்க்கும்போது பெரிய விஷயமாகத் தெரியும். உள்ளே இருப்பது இரண்டே பொருள். வெளியே அசையாமல் நிற்கும் ஓர் இரும்பு வளையம். அதன் உள்விளிம்பில் வரிசையாகப் பள்ளங்கள். அந்தப் பள்ளங்களில் செம்புக் கம்பியைச் சுற்றிச் சுற்றி வைக்க வேண்டும். வளையத்துக்கு நடுவே, தொடாமல் தொட்டதுபோல் சுற்றுகிற ஓர் உருளை. அதன்மேலும் பள்ளங்கள், அவற்றில் தடித்த செம்புக் கம்பிகள். கரண்டு வெளியே ஓடினால் உள்ளே இருப்பது சுற்ற வேண்டும். அவ்வளவுதான்.

இரும்புக்கு ஒரு வழி செய்துகொண்டார். காயலான் கடையில் கிடந்த உடைந்த டிரான்ஸ்பார்மரின் தகடுகளை வாங்கி, அச்சில் வைத்துப் பள்ளம் வெட்டினார். செம்பு கிடைத்தது. எங்கள் தெருவில் வெள்ளிக் கொலுசு செய்பவர்கள் இருந்தார்கள். கொலுசுக்குக் கம்பி இழுக்கும் துளைத்தகட்டில் செம்பைக் கொடுத்து வேண்டிய மெலிவுக்கு இழுத்துத் தந்தார்கள்.

கிடைக்காதது ஒன்றுதான். அந்தக் கம்பிக்கு மேல் பருத்தி உறை வேண்டும். உறையில்லாத கம்பி பக்கத்துக் கம்பியைத் தொட்டால் கரண்டு குறுக்கே பாய்ந்து எல்லாம் எரிந்துவிடும். உறை போட்ட கம்பி முன்பு கப்பலில் வந்தது. இப்போது வரவில்லை.

ஒருநாள் சாப்பிடும்போது அதைச் சொல்லி அலுத்துக்கொண்டார். “கம்பி மேல நூலச் சுத்தோணும். இடுக்கு தெரியாம, ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம. இதென்ன மனுசன் செய்யற வேலையா?”

“எங்கூர்ல வேற என்னங்க செய்யறாங்க?” என்றேன்.

அவர் சாப்பாட்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

அடுத்த வாரமே அப்பாவிடம் சொல்லி ஒரு ராட்டையும் சன்னமான நூலும் வரவழைத்தேன். ராட்டைக் கதிருக்குப் பதிலாக, உள்ளே ஓட்டையுள்ள மூங்கில்குழலை வைத்தேன். கம்பி அந்தக் குழலின் நடுவே மெல்ல ஊர்ந்து போகும். குழலோடு சுற்றும் நூல்கண்டு கம்பியைச் சுற்றிச் சுற்றி உடுத்திவிடும். ஒரு சுற்று வலமாக. காய்ந்ததும் அதன்மேல் இன்னொரு சுற்று இடமாக. முதல் பத்து நாள் வெறும் சிக்குதான். பதினோராம் நாள் ஒரு முழம் சரியாக வந்தது. அந்த முழத்தை அவர் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் திரிந்தார்.

சித்திரை, வைகாசி, ஆனி மூன்று மாதமும் கம்பி உடுத்தினேன். பிறகு அதைக் காயில் என்கிற சுருள்களாகச் சுற்றி, எண்ணெய்க் காகிதம் வைத்த பள்ளங்களில் இறக்கினேன். ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கை ஊற்றி, கரியடுப்பு வைத்த தகரப் பெட்டிக்குள் காயவைத்தோம். என் விரல் நுனிகள் எல்லாம் செம்பின் பச்சையும் அரக்கின் சிவப்புமாக இருந்தன.

அந்த வேலையைத்தான், ‘நீ சுத்துனதுல தப்பு’ என்றார்.

பாவாயி கேட்டது

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். ஆவணி மாதம் ஒருநாள், மோட்டாரை எங்கே உட்கார வைப்பது என்று அளவெடுக்க நாங்கள் இருவரும் அங்கமுத்துவின் கொட்டகைக்குப் போயிருந்தோம்.

புளித்த மாவின் வாசம் தெருவிலேயே வந்தது. உள்ளே ஒரு மர உருளை. அதன்மேல் ஆணியால் ஓட்டை குத்திய தகரம், பிசிறு வெளியே தெரியும்படி சுற்றப்பட்டிருந்தது. இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள் கைப்பிடியைப் பிடித்துச் சுற்ற, மூன்றாமவள் தோலுரித்த கிழங்கை உருளையின்மேல் அழுத்தினாள். கிழங்கு பாலாகச் சிதறி விழுந்தது. மொத்தம் ஆறு பேர், மாற்றி மாற்றி.

கிழங்கை அழுத்திக்கொண்டிருந்தவள் பெயர் பாவாயி. முப்பது வயது இருக்கும். வலது கையில் இரண்டு விரல்களுக்கு நுனி இல்லை. தகரம் தின்றுவிட்டது. என் கண் அங்கே போனதைப் பார்த்து, “ஒரு கெழங்கு வழுக்கிருச்சுங்க” என்று மட்டும் சொன்னாள்.

நான் கயிற்றை நீட்டி அளவெடுக்கும்போது பக்கத்தில் வந்து நின்றாள்.

“அம்முணி, அந்த மிசினு வந்துட்டா எங்க ஆறு பேருக்கும் இங்க சோலி இருக்குமுங்களா?”

“நான் அளவெடுக்கத்தான் வந்தனுங்க,” என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டுக் கிழங்கிடம் போய்விட்டாள். அந்தப் பதிலை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அவள் கேட்டது எனக்குப் புரியாமல் இல்லை.

முள் சொன்ன சாட்சி

அங்கமுத்து குடையோடு போன மறுநாள் காலையில், என் கணவர் உளியை எடுத்துத் தீட்டிக்கொண்டிருந்தார். சுற்றிய காயில்களை வெட்டியெடுத்துவிட்டு மறுபடி சுற்ற வேண்டும் என்பது அவர் முடிவு. வெட்டினால் உறை கிழியும். மூன்று மாதம் உடுத்திய கம்பி குப்பைக்குப் போகும்.

“வெட்டறதுக்கு முந்தி ஒருக்கா தெசை காட்டற முள்ள வெச்சுப் பாருங்க,” என்றேன்.

“பாக்கறதுக்கு என்ன இருக்குது? உறுமுது, சுத்தலை. ஒரு காயிலு தலைகீழா உழுந்துட்டா இப்புடித்தான் நிக்கும். எத்தனை மோட்டாரு பாத்திருக்கறேன்.”

“நான் சுத்துனதுல தலைகீழா ஒண்ணும் இல்லீங்க.”

“அப்பறம் என்னத்துக்கு நிக்குது?”

அவர் உளியை மேஜையில் வைத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் செம்பு இழுத்துத் தர முடியுமா என்று கேட்கக் கொலுசுக்காரர் வீட்டுக்குக் கிளம்பினார். உளியின் கூர் என் பக்கம் பார்த்துக் கிடந்தது.

அவர் தலை மறைந்ததும் நான் தெருக்கோடிக்குப் போனேன். அங்கே ஒரு பஸ் முதலாளி இருந்தார். பெட்ரோல் கிடைக்காமல் கரிவாயுவில் ஓடிய அவருடைய பஸ் பாதி நாள் படுத்தேதான் கிடக்கும். அதன் பாட்டரியை ஒரு மணி நேரம் கேட்டு வாங்கினேன். திசைகாட்டும் முள் ஒன்று பட்டறையிலேயே இருந்தது.

இந்தச் சோதனையை எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே என் கணவர்தான். பாட்டரியின் இரண்டு முனைகளையும் காயில் வரிசையின் இரண்டு முனைகளில் தொட வைத்து, இரும்பு வளையத்துக்குள் முள்ளை மெல்லச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். காயில்கள் சரியாக இருந்தால் முள் ஒழுங்காக நான்கு முறை தலைதிரும்பும். ஒரு காயில் தலைகீழாக இருந்தால் முள் அந்த இடத்தில் தடுமாறும்.

எங்கள் மோட்டாரில் அப்படி மூன்று வரிசைகள். முதல் வரிசையில் வைத்துப் பார்த்தேன். முழங்கையை வளையத்தின்மேல் ஊன்றிக்கொண்டு முள்ளைச் சுற்றினேன். வடக்கு, தெற்கு, வடக்கு, தெற்கு. இரண்டாவது வரிசை. அதே நான்கு. மூன்றாவது. அதே நான்கு. ஒவ்வொன்றும் சரியான இடைவெளி தள்ளி.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷமா அழுகையா தெரியவில்லை. நான் சுற்றியதில் தவறில்லை.

அப்படியானால் தவறு உள்ளே சுற்றுகிற உருளையில்.

குங்குமம் வைத்து எண்ணியது

எங்கள் மோட்டாருக்கு அளவு எடுத்தது ஒரு பழைய சீமை மோட்டாரிலிருந்து. எரிந்துபோய் வந்தது. அதன் உருளை எண்ணெய்க் காகிதக் கட்டின்மேல் பாரமாக உட்கார்ந்திருந்தது. தினமும் அதைத் தூக்கி வைத்துவிட்டுத்தான் காகிதம் எடுப்பேன். ஒருநாள்கூட அதை உற்றுப் பார்த்ததில்லை.

அதை மடியில் வைத்து, முனையில் தெரிந்த ஒரு கம்பியில் நெற்றிக் குங்குமத்தை ஒற்றி வைத்தேன். அங்கிருந்து விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினேன். முப்பது. நம்பாமல் இடப்பக்கமாக எண்ணினேன். முப்பது.

எங்கள் உருளையை எண்ணினேன். இருபத்துநான்கு. வெளி வளையத்தின் பள்ளங்களும் இருபத்துநான்கு.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. சீமை உருளையில் கம்பிகள் நேராகப் போகவில்லை. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகும்போது எல்லாம் ஒரே சாய்வாகச் சாய்ந்திருந்தன. எங்களுடையதில் நூல் பிடித்ததுபோல் நேராக இருந்தன.

மதியம் அவர் திரும்பிவந்தபோது பாட்டரி, முள், இரண்டு உருளைகள் எல்லாம் மேஜைமேல் இருந்தன. உளியை நான் எடுத்து ஒளித்து வைத்திருந்தேன்.

“முள்ளு வெச்சுப் பாத்தேனுங்க. மூணு வரிசையும் சரியா இருக்குது. நீங்களே பாருங்க.”

அவர் முள்ளை எடுத்துச் சுற்றினார். ஒரு வரிசை பார்த்ததுமே நிறுத்திவிட்டார்.

“இதுல முப்பது கம்பி இருக்குது. நம்ம உருளையில இருவத்தி நாலுதானுங்க.”

முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். உருளையைப் பார்த்தபடி சொன்னார்:

“முப்பதுன்னு எனக்குத் தெரியும்.”

எனக்கு முதலில் விளங்கவில்லை.

“அச்சு ஒண்ணுதான் இருந்துது. இருவத்தி நாலாப் பிரிக்கற அச்சு. அதுலயே ரெண்டையும் வெட்டிப்போட்டேன். முப்பதுக்கு வேற அச்சு செய்யோணும்னா ஒரு மாசம் ஆவும். சுத்தற சாமானுக்கு எண்ணிக்கை என்னத்துக்குன்னு நெனச்சேன்.”

“சாஞ்சிருக்கறது?”

“அவன் செஞ்சப்ப கோணிப் போச்சாட்ட இருக்குதுன்னு நெனச்சேன். நாம நேராப் போட்டா அவனுக்கு மேல இருக்கும்னு.”

அவர் எண்ணிக்கையைத் தெரிந்தே மாற்றியிருக்கிறார். தெரிந்துகொண்டே என் கையைக் குற்றம் சொல்லியிருக்கிறார். நான் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன். அன்று சோளக்கஞ்சி காய்ச்சினேன். இருவரும் குடித்தோம். இரண்டு நாள் எங்களுக்குள் பேச்சில்லை.

மூன்றாம் நாள் காலையில் நான் பட்டறைக்குப் போனபோது, ஒரு மர வட்டத்தின் விளிம்பில் காகிதப் பட்டையைச் சுற்றி ஒட்டிக்கொண்டிருந்தார். பட்டையில் பென்சில் கோடுகள்.

“இந்தா, இதுல முப்பது சரியா இருக்குதான்னு எண்ணிச் சொல்லு,” என்றார், என்னை நிமிர்ந்து பார்க்காமல்.

மன்னிப்பு என்று அவர் வாயிலிருந்து அதற்கு மேல் வந்ததில்லை. நான் உட்கார்ந்து எண்ணினேன். ஒரு கோடு இடம் மாறி இருந்தது. சொன்னேன். திருத்தினார்.

அரை மூச்சு நேரம்

என்ன நடந்தது என்பது அந்த மார்கழி முழுக்கத் தகடு வெட்டும்போதுதான் இருவருக்கும் மெல்ல விளங்கியது. உள்ளேயும் வெளியேயும் ஒரே எண்ணிக்கையில் பல் இருந்தால், இருபத்துநான்கும் ஒரே நேரத்தில் எதிரெதிரே நின்று பிடித்துக்கொள்கின்றன. எதுவும் விடுவதில்லை. முப்பதாக இருந்தால் சில நேராக நிற்கும்போது சில விலகி நிற்கும். சாய்வு இருந்தால் பிடி இன்னும் தளரும். சீமைக்காரன் செய்தது கோணல் இல்லை.

முப்பது கம்பிக்குச் செம்பு எங்கே போவது என்று முதலில் திகைத்தோம். கொலுசுக்காரர்தான் வழி சொன்னார். இருந்த இருபத்துநான்கு கம்பிகளையும் துளைத்தகட்டில் இன்னும் மெலிதாக இழுத்தார். மெலிய மெலிய நீண்டது. வெட்டியபோது முப்பதுக்குச் சரியாக வந்து, ஒரு விரல் நீளம் மிஞ்சியது.

தகடுகளைத் தண்டில் கோத்து, ஒவ்வொன்றையும் முந்தையதைவிட ஒரு மயிரிழை தள்ளி வைத்தோம். அது என் வேலையாக இருந்தது. அவர் கைக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

பொங்கலுக்கு ஐந்தாறு நாள் இருக்கும்போது, பனி விலகிய ஒரு காலையில் சுவிட்சை மேலே தள்ளினார். உறுமல் வந்தது. அரை மூச்சு நேரம்தான். பிறகு உறுமல் மெல்ல மேலேறி, சன்னமாகி, ரீங்காரமாக மாறியது. தண்டில் மாட்டியிருந்த சக்கரத்தின் கோடுகள் மறைந்து பளபளவென்று ஒரே வட்டமாகத் தெரிந்தது. அதிலிருந்து வந்த காற்றில் மேஜைமேல் இருந்த காகிதங்கள் பறந்தன. யாரும் அவற்றைப் பிடிக்கவில்லை.

ஒரு மணி நேரம் ஓடவிட்டோம். அதன் உடம்பில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். காய்ச்சல் விட்ட பிள்ளையின் நெற்றிபோல இதமாக இருந்தது.

“கை வெச்சுப் பாருங்க,” என்றேன்.

அவர் கையை என் கைக்குப் பக்கத்தில் வைத்தார். ரொம்ப நேரம் எடுக்கவில்லை.

கொட்டகையில்

தை பிறந்து நான்காவது நாள் மோட்டாரை மாட்டுவண்டியில் வைக்கோலுக்கு நடுவே உட்கார வைத்துக் கொண்டுபோனோம். கிழங்கு அரைக்கும் உருளையோடு பட்டையை மாட்டி என் கணவர் சுவிட்சைப் போட்டார். ஓடியது. அங்கமுத்து நம்பவில்லை.

“நிறுத்திப்போட்டுத் திருப்பியும் போடுங்க,” என்றார்.

போட்டார். ஓடியது. இப்படிப் பத்து முறை. ஒவ்வொன்றையும் அங்கமுத்து விரல் மடக்கி எண்ணினார். பத்தாவது முறை கையை உதறிவிட்டுச் சிரித்தார்.

“கவுறு இல்லாம எப்புடீங்க வந்துது?”

“எண்ணிக்கை தப்பா இருந்துதுங்க,” என்றார் என் கணவர். “நாந்தான் தப்பா வெட்டிப்போட்டேன். கண்டுபுடிச்சது எங்கூட்டுல.”

ஆறு பெண்களும் கேட்க என்னைத்தான் அப்படிச் சொன்னார். நான் கிழங்குக் கூடையைப் பார்ப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டேன்.

முதல் கிழங்கு உருளையில் விழுந்தது. ஆறு பேர் ஒரு காலை முழுக்க அரைத்ததை அது வெற்றிலை போட்டு முடிக்கும் நேரத்தில் அரைத்துத் தள்ளியது. எல்லோரும் வாய்பிளந்து பார்த்தோம். பாவாயி மட்டும் மற்ற ஐந்து பேரின் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாசி பிறப்பதற்குள் அங்கமுத்து இரண்டு பேரை மட்டும் வைத்துக்கொண்டு நான்கு பேரை நிறுத்திவிட்டார். அந்த நால்வரில் பாவாயியும் ஒருத்தி. வேகமாகச் சுற்றும் உருளைக்கு முன்னால் விரல் குறைந்தவள் நிற்பது ஆபத்து என்றார். அவர் சொன்னதும் பொய்யில்லை.

செய்தி கேட்டதும் நானே அவள் வீட்டைத் தேடிக்கொண்டு போனேன். “பட்டறையில கம்பி உடுத்தற வேலை இருக்குதுங்க. எங்கூட வந்து செய்யறீங்களா?” என்றேன். பரமத்தி வேலூரிலிருந்து ஒருவரும் எங்கள் பட்டறைக்குப் பக்கத்திலேயே ஒருவரும் மோட்டார் கேட்டிருந்தார்கள். ஆளும் எங்களுக்கு வேண்டியிருந்தது.

“இந்தக் கைய வெச்சுக்கிட்டா?” என்று கையைக் காட்டினாள்.

“நூலு புடிக்க மூணு வெரலு போதுமுங்க.”

வந்தாள். ஒரு மாதத்தில் என்னைவிட நன்றாக உடுத்தினாள். அவளோடு பதினாறு வருஷம் ஒரே ராட்டைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன். என் பிள்ளைகளின் பெயர்களுக்கு அடுத்தபடியாக நான் அதிகம் கூப்பிட்ட பெயர் அவளுடையதுதான்.

மற்ற மூன்று பேருக்கும் என்னால் எதுவும் செய்ய முடியவில்லை. இருந்தது ஒரு ராட்டை. இருவர் ஆத்தூர்ப் பக்கம் கிழங்கு தோண்டப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். மூன்றாமவளை ஒருநாள் செவ்வாய்ப்பேட்டைச் சந்தையில் நேருக்கு நேர் பார்த்தேன். தலையில் விறகுச் சுமை. நான் நின்றேன். அவளும் ஒரு கணம் நின்றாள். பிறகு எதிரே யாருமே இல்லாததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

பட்டறைக்கு வந்ததும் வேலை ஓடவில்லை. ராட்டைக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தேன். என்னவென்று பாவாயி கேட்டாள். சொன்னேன்.

அவள் ராட்டையை நிறுத்தவில்லை. கம்பி குழலுக்குள் ஊர்ந்துகொண்டே இருந்தது.

“அவ கோவம் அவளுக்கு இருக்கட்டும்ங்க. அத நீங்க வாங்கி வெச்சுக்கிட்டு என்ன பண்ணப்போறீங்க,” என்றாள். “கம்பியச் சித்த இழுத்துப் புடிங்க. நூலு ஏறுது.”